ஃபாதர் தணிகாசலத்துக்குக் கதை கேட்ட சைவக்காரி

என் பிரியமான அண்ணே,

உன்னை ஊரே ஃபாதர் என்று கூப்பிட்டது. படித்தவர்கள் டொக்டர் என்றார்கள். நான் ஒருத்திதான் கடைசிவரை "அண்ணே, காலைக் கழுவிட்டு உள்ள வா" என்று அதட்டிக்கொண்டிருந்தேன். அந்த உரிமையில் எழுதுகிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபமெல்லாம் உன் ஆட்கள்மேல்தான். அதைக் கொட்டித் தீர்க்கத்தான் பேனாவை எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் உன் முகம்தான் வருகிறது, கோபம் பாதியாகிவிட்டது.

விஷயம் இதுதான். வெள்ளவத்தையில் நீ குருவானவராக இருந்த சபைக்காரர்கள் உன் பிரசங்கங்களைத் திரட்டி, முன்னால் உன் வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்து ஒரு நினைவுப் புத்தகம் போடுகிறார்கள். நீ கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பிள்ளை குட்டி இல்லை. அதனால் இரத்த உறவு என்று சம்மதம் கேட்க நான்தான் மிச்சம். சபைச் செயலாளர் ஜெயசீலன் அச்சுக்குப் போகிற பக்கங்களைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு என் வீடு தேடி வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், உன் கடைசிக் காலத்தில் உன்னை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் தன் காரில் ஏற்றி இறக்கினவர். அவரைக் கோபிக்கவும் மனம் வராது.

"அன்ரி, ஒருக்கா வாசிச்சுப் பாத்திட்டு ஓம் எண்டு சொன்னீங்களெண்டா பிரஸ்ஸுக்குக் குடுத்திடுவம்" என்றார்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தேன். கொட்டாஞ்சேனையில் வணிகக் குடும்பமொன்றில் பிறந்த தணிகாசலம் தமது இருபதாம் வயதில் இருளிலிருந்து ஒளிக்கு வந்தார் என்று இருந்தது.

இருளா? அண்ணே, நம் தெருவிலேயே முதலில் கரண்ட் இழுத்தது நம் வீட்டுக்குத்தானே! அப்பா வாசலில் நூறு வாட் பல்பு மாட்டி, அந்த வெளிச்சத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து பாடம் படிக்கவில்லையா? நீ முதன்முதலில் அவர்கள் வேதத்தைப் படித்ததும் அந்தப் பல்புக்கு அடியில்தான். இருளாம்! எனக்குக் காது சூடாகிவிட்டது.

கீழே இன்னொன்று. நீ குருப்பட்டம் பெற்றது உன் ஆட்கள் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிற சாம்பல் புதன்கிழமை என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறேன் என்று ஜெயசீலனுக்குப் புரியவில்லை, நானும் அப்போது சொல்லவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். உன் எல்லாப் பிரசங்கங்களும் இருந்தன. ஒன்று மட்டும் இல்லை. எது இல்லை என்று உனக்கே தெரியும்.

"அம்மா செத்த மாசம் அண்ணன் பண்ணின பிரசங்கம் எங்க தம்பி?" என்று கேட்டேன்.

அவர் நான் தின்ன வைத்த பேட்டீஸ் தட்டைப் பார்த்தார். "அதைப் பற்றி கமிட்டியில கதைச்சனாங்கள் அன்ரி. வேண்டாம் எண்டு முடிவெடுத்திட்டம். சனம் பிழையா விளங்கிக்கொள்ளும்."

நான் பக்கங்களை மடித்து அவர் கையில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கமிட்டிக்கு நானே வருகிறேன், அதுவரை ஓமும் இல்லை, இல்லையும் இல்லை என்றேன். மனுஷன் பேட்டீஸைக்கூடத் தொடாமல் போனார், பாவம்.

இந்தக் கடிதத்தை உன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பிரசங்கம் எப்படி வந்ததென்று தெரியாது. நீ கொஞ்சம் பொறு, அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குப் புறக்கோட்டையில் பித்தளைப் பாத்திரக் கடை. நீ ஞானஸ்நானம் எடுக்கப்போகிறேன் என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது, அப்பா சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அப்ப கடைக்கு யாரு?" என்று மட்டும் கேட்டார். நீ சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். அவர் கையை உதறிவிட்டு எழுந்து போனார். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. மூத்த மகன் முருகனை விட்டுப் போனதைத் தாங்கிக்கொண்டார். கல்லாவில் உட்காராமல் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால்தான் சனிக்கிழமை. அப்பா கடையில் இருக்கிற நேரம் பார்த்து, மத்தியானம் மூன்று மணிக்கு நீ பின்வாசலால் வருவாய். அம்மா உனக்கு வடை சுடுவாள். நான் எதிரில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். நீ இங்கிலாந்தில் எபிரேயமும் கிரேக்கமும் படித்துப் பட்டத்தோடு வந்த பிறகும், குருமார்களுக்கே பாடம் சொல்லிக் கொடுக்கிற ஆளான பிறகும், சனிக்கிழமை மட்டும் மாறவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் நீ பின்வாசலால்தான் வந்தாய். பழகிவிட்டது என்றாய்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் நீ என்னை வேலைக்கு வைத்துக்கொண்டாய். "தங்கச்சி, எனக்கு ஒரு ஆள் வேணும். சேர்ச்சுல உள்ளவங்க எல்லாருக்கும் எல்லாக் கதையோட முடிவும் தெரியும். அதனால நான் வாயத் தொறக்குறப்பவே தலைய ஆட்டிட்டுத் தூங்கிடுறாங்க. முடிவு தெரியாத ஆள்கிட்ட சொல்லிப் பார்த்தாத்தான் கதை எங்க நிக்குது எங்க நொண்டுதுன்னு எனக்குத் தெரியும்" என்றாய். வீட்டில் அப்படி ஒரு மட்டி நான்தான் இருந்தேன்.

நீ பாதியில் நிறுத்துவாய். "அப்புறம் என்ன நடந்திருக்கும்?" என்பாய். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. நீ தொடையில் தட்டிச் சிரித்து, மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்று எழுந்துவிடுவாய். அந்த வாரம் முழுக்க எனக்கு மண்டை குடையும். இதெல்லாம் ஒரு ஆராய்ச்சி என்று நீ வெளியே சொல்லியிருந்தால் உன் டொக்டர் பட்டத்தைப் பிடுங்கியிருப்பார்கள்!

ஒருநாள் ஒரு மாமியார் கதை சொன்னாய். அந்தப் பேர்கள் என் நாக்கில் நிற்பதில்லை, ஆளை மட்டும் சொல்கிறேன். பஞ்சம் பிழைக்க வெளியூர் போன மாமியாருக்குப் புருஷனும் செத்து, இரண்டு மகன்களும் செத்துப்போகிறார்கள். அவள் தன் ஊருக்குத் திரும்புகிறாள். இரண்டு மருமகள்களும் கூடவே வருகிறார்கள். பாதி வழியில், நீங்கள் உங்கள் தாய் வீட்டுக்குப் போங்கள், நல்லாயிருங்கள் என்று இரண்டு பேரையும் வாழ்த்தி அனுப்புகிறாள். மூன்று பேரும் நடுரோட்டில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஒருத்தி முத்தம் கொடுத்துவிட்டுத் தன் சனத்தோடும் தன் சாமியோடும் இருக்கத் திரும்பிப் போகிறாள். மற்றவள் போகமாட்டேன், உன் சனமே என் சனம் என்று மாமியாரோடு நிற்கிறாள். அங்கே நிறுத்திவிட்டு, அப்புறம் என்ன என்று கேட்டாய்.

நான் கத்தரிக்காயை வைத்துவிட்டு, "திரும்பிப் போனவ பத்திரமா வீடு போய்ச் சேந்தாளா?" என்று கேட்டேன்.

நீ சிரிக்கவில்லை. வடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாய். "அது எழுதலியே" என்றாய். புருஷன் செத்த சின்னப் பொண்ணு, தனியா ரோட்டுல நடந்து போறா, அவ என்ன ஆனான்னு ஒருத்தனும் எழுதலியா என்று நான் உன்னைப் பிடித்துத் திட்டினேன். ஏதோ நீதான் அந்தப் புத்தகத்தை எழுதியது மாதிரி. அம்மா அடுப்படியிலிருந்து, "அவன ஏன்டி திட்டுற, எழுதினவன் ஆம்பளையா இருப்பான்" என்றாள். நீ அன்றைக்குப் பிளேன்ரீகூடக் குடிக்காமல் போனாய்.

பிறகு எண்பத்துமூன்றில் அந்த ஜூலைக் கலவரம் வந்தது. கடை எரிந்தது, வீட்டிலும் இருக்க முடியவில்லை. நானும் அம்மாவும் எரியாமல் தப்பின உன் குருமனையில் சில மாதம் இருந்தோம். அம்மா தன் முருகன் படத்தை உன் எபிரேய அகராதிகளுக்கு நடுவில் வைத்து விளக்கேற்றினாள். பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். "அவரும் எங்கள மாதிரி இடம்பெயர்ந்து வந்தவர்தான்" என்று நீ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினாய்.

அம்மா செத்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, திரும்பிப் போன மருமகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தாய். நான் சேர்ச்சின் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை காலமும் பிரசங்கிமார் அவளை ஏசிக்கொண்டே இருக்கிறோம், வேதம் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை என்றாய். போகச் சொன்னதும் மாமியார், வாழ்த்தினதும் மாமியார், அந்த வாழ்த்தை அவளிடமிருந்து திரும்ப வாங்கினதாக எங்கும் எழுதவில்லை என்றாய். அதன்பிறகு குரல் இறங்கிவிட்டது. "என் அம்மாவும் என்னை வழியனுப்பிவிட்டுத் தன் கோயிலுக்குத் திரும்பிப் போனவள். அவளுக்கு ஆசீர்வாதம் இல்லை என்று சொல்ல நான் படித்த எந்தப் பாஷையும் எனக்குக் கற்றுத்தரவில்லை" என்றாய். அண்ணே, நான் அழுத அழுகையில் பக்கத்தில் இருந்த அம்மாள் தன் லேஞ்சியையே கொடுத்துவிட்டாள்.

அந்தப் பிரசங்கத்துக்குப் பிறகு இரண்டு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. உனக்கு வரவேண்டிய கல்லூரி அதிபர் பதவியும் வேறொருவருக்குப் போனது. நான் பொருமினேன். நீ, "நல்லதாப் போச்சு தங்கச்சி, ஃபைல்ல கையெழுத்துப் போட்டே செத்திருப்பேன்" என்று சிரித்தாய். உள்ளுக்குள் வலிக்கவில்லையா? நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை.

அந்தப் பிரசங்கத்தைத்தான் இவர்கள் எடுத்துவிட்டார்கள். அது போனால் உன் வாழ்க்கையில் அம்மா எங்கே, நான் எங்கே? முதல் வரியில் இருக்கிற இருட்டு மட்டும்தான் எங்களுக்கு மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை த்ரீவீல் பிடித்து வெள்ளவத்தை போனேன். நல்ல சேலை கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் போனேன், வேண்டுமென்றேதான். சபை ஹோலில் கமிட்டிக்காரர்கள் எழுந்து நின்று மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் மீன் அடைத்த பணிஸ், எனக்கு மட்டும் மறக்காமல் வாழைப்பழம். இவ்வளவு நல்ல சனத்தோடு எப்படிச் சண்டை போடுவது? வரும் வழியில் தயார் பண்ணின ஏச்சு எல்லாம் மறந்து போய்விட்டது. அதனால் நீ எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்தேன்.

"ஒரு கதை சொல்றேன், கேளுங்க" என்றேன். "என் அண்ணன் குருவானவரான அன்னிக்கு அப்பா வரல. அம்மாவும் நானும் போனோம். பூசை முடிஞ்சு புதுக் குருவானவர்கிட்ட முதல் ஆசீர்வாதம் வாங்க எல்லாரும் வரிசையா முழங்கால் போட்டாங்க. அம்மாவும் போய் வரிசையில நின்னாங்க. அவங்க முறை வந்துச்சு. என்ன செஞ்சிருப்பாங்க? சொல்லுங்க."

"முழந்தாளில நிண்டிருப்பா" என்றார் ஒரு பெண்மணி. "அழுதிருப்பா" என்றார் ஜெயசீலன். மூலையில் இருந்த வயசானவர், "ஞானஸ்நானம் தரச்சொல்லிக் கேட்டிருப்பா" என்றார். அவருக்கு ஆசை அப்படி.

"இல்ல" என்றேன். "இடுப்புல இருந்த சுருக்குப் பையத் தொறந்தாங்க. நல்ல நாள்னா பிள்ளைகளுக்குப் பூசுவாங்களே, அதே மாதிரி மூணு விரலால திருநீறு எடுத்தாங்க. அண்ணன் அந்த வெள்ளை அங்கியோட குனிஞ்சு நெத்தியக் காட்டினாரு. அம்மா பூசிவிட்டாங்க. அவரு துடைக்கல. மிச்ச வரிசைக்கு அந்த நெத்தியோடதான் ஆசீர்வாதம் குடுத்தாரு. அதுல உங்க அப்பா அம்மாக்களும் இருந்திருப்பாங்க."

 அந்தப் பெண்மணி வாயில் கை வைத்தார். "ஐயோ! எங்கட அம்மா ஃபாதரின்ர கையால முதல் ஆசீர்வாதம் வாங்கினவ. அவரின்ர நெற்றியில சாம்பல் இருந்தது, அது சாம்பல் புதனாத்தான் இருக்கும் எண்டு சாகுமட்டும் சொன்னவ. நான்தான் அதைக் குறிப்பில எழுதக் குடுத்தனான்."

அண்ணே, அதற்குமேல் யாரால் சும்மா இருக்க முடியும்? ஜெயசீலன்தான் முதலில் சிரித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். நம் அம்மாவின் திருநீறு இத்தனை வருஷம் இவர்கள் வீடுகளில் சாம்பல் புதனாக இருந்திருக்கிறது. ஒருவர் மனசிலும் கெட்ட எண்ணம் இல்லை. அம்மா அங்கே நின்றிருப்பாள் என்று யோசிக்க அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பிறகும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். மூலையில் இருந்த பெரியவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கும்பிட்டேன், கும்பிட்டார், முகம் மட்டும் மாறவில்லை. ஆனால் பிரசங்கம் புத்தகத்தில் வருகிறது, ஒரு சொல் வெட்டாமல். முதல் வரியை நான் சொல்லச் சொல்ல ஜெயசீலன் எழுதினார். கொட்டாஞ்சேனையில் ஒரு சைவ வீட்டில் பிறந்தார், அந்த வீட்டின் கதவு அவருக்கு ஒருநாளும் சாத்தப்படவில்லை. அப்பா பேசாமல் இருந்ததை என்ன செய்வது என்று யோசித்தேன். பேசவில்லை, உண்மைதான். பின்வாசலைப் பூட்டச் சொல்லவுமில்லை. அப்படியே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

ஜெயசீலன் காரில் கொண்டுவந்து விட்டார். புத்தகத்தில் கடைசியாக என்ன பிரசங்கம் வருகிறது என்று கேட்டேன். நீ எழுதிவைத்துப் பேசாமலே போனது, ஒரு தகப்பனும் இரண்டு மகன்களும் வருகிற கதை என்றார்.  நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமை எனக்குச் சொன்ன கதை அது. ஊர் சுற்றிக் கெட்டுப்போன தம்பி திரும்பி வந்துவிட்டான். வீட்டில் விருந்து, மேளம், ஆட்டம். வயலிலிருந்து வந்த அண்ணன்காரன் கோபித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்று வாசலில் நிற்கிறான். தகப்பன் தானே எழுந்து வெளியே வந்து, வாடா என்று கெஞ்சுகிறார். அங்கே நிறுத்தினாய். "அப்புறம் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டாய். நான் ஏதோ உளறினேன். அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போனாய்.

"அது தெரியாதே அன்ரி? அதின்ர முடிவை வேதத்திலயே..." என்று ஜெயசீலன் ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க!" என்று கத்திவிட்டேன். பயந்துபோய் காரையே நிறுத்திவிட்டார்.

அண்ணே, உன் சபையில் ஐந்து வயசுப் பிள்ளைக்குக்கூட அந்த முடிவு தெரிந்திருக்கும். எனக்கு வேண்டாம். புத்தகம் வந்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் பசை போட்டு ஒட்டிவிடும்படி என் மகளிடம் சொல்லியிருக்கிறேன். யாரிடமும் கேட்க மாட்டேன், இது சத்தியம். நான் மேலே வரும்போது, அங்கே உனக்கு ஒரு வாசல், எனக்கு ஒரு வாசல் என்று பிரித்து வைத்திருந்தாலும் எனக்குக் கவலை இல்லை, எங்கேயாவது வேலி ஓரமாக வந்து நில். அந்தத் தகப்பன் அவ்வளவு கெஞ்சியும் மூத்தவன் உள்ளே போனானா இல்லையா என்று உன் வாயால் கேட்டுக்கொள்கிறேன்.

முடிவு தெரியாமலே வரப்போகிற உன் தங்கச்சி,
விசாலம்